62 மாதிரிகள், 2000 மரபணுக்கள், ஓர் ஓநாய்க் கூட்டம்: ஃபீச்சர் தேர்வில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் மூன்று பேர். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவி, அவருடைய நெறியாளர், அதே குழுவில் மற்றவர்களின் நிரல்களைச் சரிபார்த்துக்கொடுக்கும் வேலையில் இருந்த நான். மாணவியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நடந்த தவறில் மூவருக்கும் பங்கு உண்டு. என் பங்கு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்று மாதம் கழித்துக் கேட்டது.

மாணவி எடுத்துக்கொண்டது 1999-இல் அலோன் குழுவினர் வெளியிட்ட பெருங்குடல் புற்றுத் தரவு. இந்தத் துறைக்குள் வருகிற எல்லோரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கிற தரவு அது. மொத்தம் 62 திசு மாதிரிகள்: 40 புற்றுக்கட்டியிலிருந்து, 22 இயல்பான திசுவிலிருந்து. ஒவ்வொரு மாதிரிக்கும் 2000 மரபணுக்களின் வெளிப்பாட்டு அளவு, அதாவது ஒவ்வொரு மரபணுவும் அந்தத் திசுவில் எவ்வளவு செயல்படுகிறது என்ற எண். கணினிக்குக் கொடுக்கும் இத்தகைய அளவுகளைத்தான் ஃபீச்சர் என்கிறோம். இந்த 2000-இல் எந்தச் சில மரபணுக்களை வைத்துக்கொண்டால் கட்டியையும் இயல்பான திசுவையும் நன்றாகப் பிரிக்கலாம் என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு மரபணுவையும் எடுக்கலாம், விடலாம். ஆக மொத்தத் தேர்வுகள் 2-இன் 2000-ஆம் அடுக்கு. எழுதிப் பார்த்தால் 603 இலக்கம் வரும் எண். அத்தனையையும் சோதிக்க முடியாது என்பதால்தான் இயற்கையைப் பார்த்து உருவான தேடல் முறைகள் இங்கே வருகின்றன. ஜான் ஹாலண்டின் மரபணு அல்காரிதம் (1975), மார்கோ டொரிகோவின் எறும்புக் கூட்ட முறை (1992), கென்னடியும் எபர்ஹார்ட்டும் பறவைக் கூட்டத்தைப் பார்த்து அமைத்த துகள் திரள் முறை (1995) என்று வரிசை நீளும். மாணவி தேர்ந்தெடுத்தது 2014-இல் மிர்ஜாலிலி குழுவினர் தந்த சாம்பல் ஓநாய் முறை. இதில் ஒவ்வோர் ஓநாயும் ஒரு விடை, அதாவது 0-களும் 1-களும் கொண்ட ஒரு சரம். 1 என்றால் அந்த மரபணு உள்ளே. இதுவரை கிடைத்ததில் சிறந்த மூன்று விடைகள் தலைமை ஓநாய்கள். மற்றவை அந்த மூன்றையும் பார்த்துத் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளும். நூறு சுற்று இப்படி ஓடிய பிறகு தலைமை ஓநாயின் கையில் இருப்பது விடை.

ஓநாய் முறையோடு, அதே வகைத் தேடலான திமிங்கல முறையின் ஒரு நகர்வைச் சேர்த்து, "கலப்பு அல்காரிதம்" என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதுவது திட்டம்.

முதல் மூன்று மாதங்கள்

அமைப்பு வழக்கமானதுதான். 20 ஓநாய்கள், 100 சுற்றுகள். ஒவ்வோர் ஓநாயும் சொல்லும் மரபணுக்களை மட்டும் வைத்து, அருகிலுள்ள ஐந்து மாதிரிகளைப் பார்த்து முடிவு சொல்லும் எளிய வகைப்படுத்தியை ஐந்து பகுதிக் குறுக்குச் சரிபார்ப்பில் (மாதிரிகளை ஐந்தாகப் பிரித்து, நான்கில் கற்று மீதி ஒன்றில் சோதிப்பதை ஐந்து முறை செய்வது) ஓட்ட வேண்டும். வரும் பிழை விகிதத்துக்கு 0.99 எடை, எடுத்த மரபணுக்களின் விகிதத்துக்கு 0.01 எடை. இரண்டின் கூட்டுத்தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் வந்த சிக்கல், மரபணுக்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. நூறு சுற்று முடிந்தும் தலைமை ஓநாயிடம் பல நூறு மரபணுக்கள் இருந்தன. காரணம் ஆரம்பத்திலேயே இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 என்று நாணயம் சுண்டித்தான் தொடக்க ஓநாய்கள் உருவாகின்றன. 2000 முறை சுண்டினால் சுமார் 1000 தலை விழும். திட்ட விலக்கம் 22 தான். அதனால் இருபது ஓநாய்களுமே 930-க்கும் 1070-க்கும் இடையில் எங்கோ பிறந்தன. இருபது மரபணு கொண்ட ஒரு விடையை அந்தக் கூட்டம் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அன்று இதை நாங்கள் இப்படிப் புரிந்துகொள்ளவில்லை. "தரவு பெரியது, முதலில் சுருக்குவோம்" என்று முடிவு செய்தோம். 62 மாதிரிகளையும் வைத்து ஒவ்வொரு மரபணுவுக்கும் டி-சோதனை போட்டு, கட்டிக்கும் இயல்பான திசுவுக்கும் அதிகம் வேறுபடுகிற 50 மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஓநாய்களை அதற்குள் விட்டார் மாணவி. நெறியாளர் சரி என்றார், நானும் நிரலைப் படித்துவிட்டுச் சரி என்றேன். நிரலில் பிழை ஏதும் இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது.

இப்போது எல்லாம் அழகாக நடந்தது. 30 முறை ஓட்டியதில் ஓர் ஓட்டத்தில் 62 மாதிரிகளும் சரியாக வந்தன, ஒன்பது மரபணுக்களோடு. மற்ற ஓட்டங்களும் அதற்கு வெகு பக்கத்தில். சுற்றுக்குச் சுற்று பிழை இறங்குவதைக் காட்டும் வரைபடத்தை மாணவி அன்று மாலை அச்சடித்து மேசைக்கு மேலே ஒட்டியது நினைவிருக்கிறது. கட்டுரையின் முதல் வரைவு இரண்டு வாரத்தில் தயாரானது.

கண்ணில் பட்டவை

வரைவைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அட்டவணையில் இல்லை, பிற்சேர்க்கையில் இருந்தது. 30 ஓட்டங்களிலும் தேர்வான மரபணுக்களின் பட்டியலை மாணவி நேர்மையாக அப்படியே கொடுத்திருந்தார். வரி வரியாகப் பார்த்தால், ஓர் ஓட்டத்தின் பட்டியலுக்கும் அடுத்ததன் பட்டியலுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு மூன்றுதான். மேலே தேர்ந்த 50-க்குள்ளேயே இப்படி. துல்லியம் மட்டும் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்று.

ஒரு நியாயமான விளக்கம் உண்டு. இந்தத் தரவில் பல மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்கும். சில மரபணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெற்றும் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தால் தகவல் மாறாது. அதனால் சேர்ந்து நகரும் மரபணுக்களை ஒரு குழுவாக எண்ணி மறுபடி ஒப்பிட்டோம். பொருத்தம் கொஞ்சம் கூடியது, ஆனால் போதவில்லை.

அப்புறம் அந்த எடைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு மாதிரி தவறானால் வரும் தண்டனை 0.99-ஐ 62-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.016. இருக்கிற மரபணுக்கள் அத்தனையையும் விட்டால்கூடக் கிடைக்கும் லாபம் 0.01-தான். ஆக, ஒரு மாதிரியைச் சரியாக்க எத்தனை மரபணுவைச் சேர்த்தாலும் ஓநாய்க்கு அது லாபமே. மரபணு எண்ணிக்கைக்குக் கொடுத்த எடை, சமமான துல்லியம் உள்ள இரண்டு விடைகளுக்கு இடையே ஒன்றை எடுக்க மட்டுமே பயன்பட்டது. மேலும் 62 மாதிரிகள் இருக்கும்போது துல்லியத்துக்கு 63 மதிப்புகளே சாத்தியம். எக்கச்சக்கமான விடைகள் ஒரே படியில் வந்து நிற்கும். அவற்றில் எது தலைமை ஓநாயாகிறது என்பது பெரும்பாலும் தற்செயல்தான். பட்டியல் ஏன் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது என்பதில் பெரும்பகுதி இதிலேயே விளங்கிவிட்டது.

வாராந்தரக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஓநாய் பார்க்காத மாதிரி இதில் எது?"

மாணவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குறுக்குச் சரிபார்ப்பில் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு வெளியில்தானே அக்கா இருக்கு?" என்றார்.

வகைப்படுத்தியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஓநாய் 20 பேர் கொண்ட கூட்டமாக 100 சுற்று, அதாவது 2000 முறை, அதே வெளிப் பகுதிகளின் விடையைப் பார்த்துப் பார்த்துத்தான் நகர்ந்திருக்கிறது. அதற்கும் முன்பு, 50 மரபணுக்களைத் தேர்ந்தபோதே 62 மாதிரிகளின் லேபிளையும், அதாவது கட்டியா இயல்பா என்ற குறிப்பையும், பார்த்தாகிவிட்டது. வெளியில் என்று எதுவும் மிச்சம் இல்லை.

லேபிளைக் கலைத்துப் பார்த்தது

வாதம் செய்வதைவிட ஒரு சோதனை நல்லது என்று தோன்றியது. 62 லேபிள்களையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட வேண்டும்: 40 கட்டி, 22 இயல்பு என்ற எண்ணிக்கை மாறாது, ஆனால் எது யாருக்கு என்பதில் பொருளே இருக்காது. அப்புறம் டி-சோதனை முதல் ஓநாய் வரை மொத்தத்தையும் ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்ட வேண்டும். இப்போது கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. எல்லாவற்றையும் "கட்டி" என்று சொன்னாலே 64.5 சதவீதம் வரும். நேர்மையான முறை அந்த அளவைச் சுற்றியே நிற்க வேண்டும்.

ஓநாய் அங்கே நிற்கவில்லை. கலைத்த லேபிளிலும் அது மிக உயரத்துக்குப் போனது. அசல் லேபிளோடு ஒப்பிட்டால் சில மாதிரிகள்தான் வித்தியாசம். இருபது முறை கலைத்தோம். இருபதிலும் அதே கதை.

காரணம் எளிது. பொருளற்ற 2000 மரபணுக்களுக்கு டி-சோதனை போட்டால், 5 சதவீத எல்லையில் தற்செயலாகவே சுமார் 100 மரபணுக்கள் முக்கியமானவை போலத் தெரியும். அதில் முதல் 50-ஐ எடுத்தாகிவிட்டது. அதே மாதிரிகளை வைத்தே அந்த 50-ஐச் சோதித்தால் நன்றாகத்தான் வரும். மீதியைச் சரிக்கட்ட 2000 முயற்சி கொண்ட ஒரு தேடல் கையில் இருக்கிறது. தேடல் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு திறமையாக இல்லாததையும் கண்டுபிடித்துக் கொடுக்கும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். நம் திரையில், நம் நிரலில், நாமே கலைத்த லேபிளில் பார்ப்பது வேறு அனுபவம்.

இது புதிய விஷயமும் இல்லை. 2002-இல் அம்ப்ருவாஸும் மெக்லாக்லனும் இதே பெருங்குடல் தரவையும் இரத்தப் புற்றுத் தரவையும் வைத்து, மரபணுத் தேர்வைக் குறுக்குச் சரிபார்ப்புக்கு வெளியே செய்தால் பிழை விகிதம் எப்படிப் பொய்யாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை அன்றிரவுதான் மூவரும் முழுதாகப் படித்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நெறியாளருக்கு இது எளிதாக இல்லை. கட்டுரை அனுப்பக் கெடு பத்து நாளில். "மற்றவர்களும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்று அவர் சொன்னது தட்டிக்கழிக்கும் பேச்சு இல்லை; எங்கள் வரைவில் ஒப்பிட்டிருந்த பல கட்டுரைகளில் தேடலுக்கு எட்டாத சோதனைத் தரவு இருந்ததாகவே தெரியவில்லை. நாங்கள் மட்டும் கடுமையாக அளந்தால் எங்கள் எண் தாழ்வாகத் தெரியும், மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார். அந்தக் கவலை நியாயமானது. கடைசியில் முடிவைச் சொன்னது மாணவிதான்: "சார், வாய்மொழித் தேர்வில் யாராவது லேபிளைக் கலைச்சுப் பார்த்தீங்களான்னு கேட்டா, பார்த்தோம்னு சொல்லணும். அப்ப என்ன வந்ததுன்னும் சொல்லணும்." நெறியாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, கெடு போகட்டும்" என்றார்.

அதன் பிறகு மாற்றியவை இவை. குறுக்குச் சரிபார்ப்பு இரண்டு அடுக்காகியது. வெளி அடுக்கில் ஐந்தில் ஒரு பங்கைப் பூட்டி வைத்துவிட்டு, மீதியில் மட்டும் டி-சோதனை, ஓநாய், உள் அடுக்குச் சரிபார்ப்பு எல்லாம் நடக்கும். பூட்டியது ஒரே ஒருமுறை, கடைசியில் மட்டும் திறக்கும். வெளி அடுக்கைப் பத்து முறை புதிதாகப் பிரித்தோம். கணக்குப் போட்டால் 50 தேடல்கள், ஒவ்வொன்றிலும் 2000 மதிப்பீடுகள், ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ஐந்து உள் பகுதிகள்: 5 லட்சம் முறை வகைப்படுத்தி ஓட வேண்டும். எளிய வகைப்படுத்தி என்பதால் தாங்கியது. கனமான மாடலாக இருந்திருந்தால் இந்த அமைப்பையே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாற்றம் எங்கள் கண்ணில் முதலில் படாத ஒன்று. இயல்பான திசு மாதிரிகள் 22-உம், கட்டி கொடுத்த அதே நோயாளிகளிடமிருந்தே எடுக்கப்பட்டவை. ஒருவருடைய கட்டி பயிற்சியிலும் அவருடைய இயல்பான திசு சோதனையிலும் இருந்தால் இரண்டும் சுதந்திரமான மாதிரிகள் ஆகாது. அது துல்லியத்தைக் கூட்டியும் காட்டலாம். இரண்டுக்கும் லேபிள் எதிரெதிர் என்பதால் குறைத்தும் காட்டலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எண் தவறு. எனவே ஒரு நோயாளியின் மாதிரிகள் எப்போதும் ஒரே பக்கம் இருக்கும்படி பிரித்தோம்.

மூன்றாவது, ஒப்பீட்டுக்கு எளிய முறைகள். முந்தைய வரைவில் ஓநாயைத் திமிங்கலம், மின்மினி ஆகிய அதே வகைத் தேடல்களோடு மட்டுமே ஒப்பிட்டிருந்தோம். இப்போது டி-சோதனையில் முதல் 20 மரபணுக்கள், லாஸ்ஸோ (தேவையற்ற மரபணுக்களின் எடையைச் சுழியமாக்கிவிடும் நேரியல் முறை), அப்புறம் வெறும் குருட்டுத் தேடல் ஆகிய மூன்றும் சேர்ந்தன. குருட்டுத் தேடலுக்கும் அதே 2000 மதிப்பீடுகள். 2000 விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு உருவாக்கி, சிறந்ததை எடுத்துக்கொள்ளும். ஓநாயின் வேட்டை ஒழுங்குக்கு மதிப்பு இருந்தால் அது இதைத் தாண்ட வேண்டும்.

தொடக்கத்தையும் திருத்தினோம். நாணயம் சுண்டுவதற்குப் பதில், ஒவ்வொரு மரபணுவும் உள்ளே வரும் வாய்ப்பை நூற்றில் ஒன்று என்று வைத்தால் 2000-இல் சுமார் 20 மரபணுவோடு ஓநாய் பிறக்கும். முன்வடிகட்டலே தேவைப்படாத ஓர் அமைப்பு இதனால் கிடைத்தது.

அடுத்து நடந்தது

துல்லியம் இறங்கியது. சராசரியாக எட்டு ஒன்பது மாதிரிகள் தவறாக வந்தன. கலைத்த லேபிளில் முடிவு, வர வேண்டிய இடத்துக்கே வந்தது; அதைப் பார்த்த பிறகுதான் மற்ற எண்களை நம்பினோம்.

ஓநாய்க்கும் டி-சோதனைக்கும் இடையே பெரிய இடைவெளி எதுவும் இல்லை. பிரிவுக்குப் பிரிவு எண்கள் ஆடும் ஆட்டத்தைவிட முறைகளுக்கு இடையேயான வித்தியாசம் சிறியது. குருட்டுத் தேடலும் அதே வட்டத்துக்குள்தான். உள் அடுக்கில் ஓநாய் தெளிவாக முந்தியது. பூட்டைத் திறந்ததும் அந்த முந்தல் கரைந்தது. நன்றாகத் தேடியது என்பதில் சந்தேகம் இல்லை. தேடிய இடத்தில் சுமார் 50 மாதிரிகள் மட்டுமே இருந்ததுதான் பிரச்சினை. பட்டியல் நிலைத்தன்மையை 2007-இல் குன்சேவா தந்த குறியீட்டால் அளந்தோம். தற்செயலாக விழும் பொருத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும் அளவு அது. டி-சோதனைப் பட்டியல்தான் நிலையானது. ஓநாய் வெகு கீழே.

இரண்டு விஷயங்கள் எல்லா முறைகளுக்கும் பொதுவாக வந்தன, என் பார்வையில் மொத்த வேலையிலும் மதிப்பானவை அவைதான். ஒன்று, திரும்பத் திரும்பத் தேர்வான மரபணுக்களில் டெஸ்மின் போன்ற தசை சார்ந்தவை இருந்தன. இயல்பான திசு மாதிரிகளில் தசை அதிகம், கட்டியில் குறைவு என்று அலோன் குழுவினரே 1999-இல் குறிப்பிட்டிருக்கிறார்கள். வகைப்படுத்தி கண்டுபிடித்ததில் ஒரு பகுதி புற்றுநோயின் அடையாளமே இல்லை. மாதிரியை வெட்டி எடுத்தபோது கூடவே வந்த தசையின் அளவு. இன்னொன்று, எந்த முறையை ஓட்டினாலும் அதே சில மாதிரிகள்தான் தவறாக வந்தன. இந்தத் தரவில் சில மாதிரிகளின் லேபிள் மீதே பிற ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். பழைய அமைப்பில் 62-உம் சரி என்று வந்ததே, அந்த ஐயத்துக்குரிய மாதிரிகளையும் சேர்த்துத்தான். அதுவே அன்று எங்களை நிறுத்தியிருக்க வேண்டும்.

கட்டுரையின் தலைப்பிலிருந்து "கலப்பு அல்காரிதம்" போய்விட்டது. முதலில் அனுப்பிய இதழ் புதுமை இல்லை என்று திருப்பியது. மாணவிக்கு அது பெரிய அடி. ஆறு மாத உழைப்பு வீணானது போல இருந்தது. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக அது பின்னர் ஏற்கப்பட்டது.

மறுபடி செய்தால்

லேபிள் கலைக்கும் சோதனையை முதல் வாரத்திலேயே ஓட்டுவோம். அரை மணி நேர வேலை. எங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

எந்த விலங்கு என்ற கேள்விக்கு இவ்வளவு நேரம் கொடுக்க மாட்டோம். எறும்பு முறையைத் தந்த டொரிகோவே இணையாசிரியராக இருந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சாம்பல் ஓநாய், மின்மினி, வௌவால் ஆகிய மூன்று முறைகளிலும் துகள் திரள் முறைக்கு மேல் புதிதாக எதுவும் இல்லை என்று வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டியது. எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தேடலும் மற்றதைவிட உயர்ந்தது ஆகாது என்று உல்பர்ட்டும் மெக்ரெடியும் 1997-இலேயே நிறுவிவிட்டார்கள்.

அதற்காக இந்த முறைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. மாதிரிகள் ஆயிரக்கணக்கில் இருந்து, ஃபீச்சர்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் பொருள் தருகிறது என்ற நிலையில், அல்லது ஒவ்வொரு ஃபீச்சரையும் அளக்க வேறுவேறு செலவு ஆகிற இடத்தில், லாஸ்ஸோவால் எட்ட முடியாத இலக்குகளை இவை தேடித் தரும். மாணவியின் இரண்டாவது வேலை அப்படிப்பட்ட ஒரு தரவில்தான். அங்கே குருட்டுத் தேடலை மரபணு அல்காரிதம் பூட்டிய பகுதியிலும் தாண்டியது.

மேசைக்கு மேலே ஒட்டியிருந்த அந்த வரைபடத்தை அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் கலைத்த லேபிளின் வரைபடத்தையும் ஒட்டினார். இரண்டிலும் கோடு ஒரே மாதிரிதான் இறங்குகிறது. குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களை அந்த இரண்டுக்கும் முன்னால் நிறுத்தி, எது அசல் என்று கேட்கிறார்.